பேபி பிளாங்கெட்டுக்காக கிரானி ஸ்கொயர் பழகுபவர்களுக்கு

வீட்டில் யாருக்காவது வளைகாப்பு நெருங்கும்போதுதான் நம்மில் பலர் குரோஷா ஊசியைக் கையில் எடுக்கிறோம். நானும் அக்கா மகளுக்குக் குழந்தை வரப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் ஆரம்பித்தேன். ஆனால் முதல் நாளே முழுப் போர்வையையும் மனதில் சுமந்துகொண்டு உட்கார்ந்தால் கை ஓடாது. கிரானி ஸ்கொயர் என்பது நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னும் சதுரம், பல சதுரங்களை இணைத்தால் போர்வை. ஒரே சதுரத்தைத் திரும்பத் திரும்பப் போடுங்கள், இன்று போட்டதும் போன வாரம் போட்டதும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஓரம் சேர வேண்டும். அது வந்துவிட்டால் போர்வை பாதி முடிந்த மாதிரி.

பழகுவதற்கு வெளிர் நிற நூல் வாங்குங்கள். கறுப்பு, கருநீலம் எல்லாம் அழகுதான், ஆனால் ஊசியை எந்தக் கண்ணியில் விடுகிறோம் என்று தெரியவே தெரியாது. லேஸ் பின்னும் மெல்லிய ஸ்டீல் ஊசி இதற்கு ஆகாது (அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும், கடையில் கேட்கும்போது குழப்பும்), டிகே (அதிகம் தடிக்காத நடுத்தர) கன நூலுக்கு 4 மி.மீ. அலுமினிய ஊசி வசதி. நம் ஊர் வெயிலுக்குப் பருத்திதான் என் கட்சி. அக்ரிலிக் மலிவு, லேசு, துவைப்பதும் சுலபம், ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

சதுரத்துக்கு வருவோம். நடுவில் மேஜிக் ரிங் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) போடலாம், அது வராவிட்டால் நாலு செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு ஸ்லிப் ஸ்டிச்சால் (இணைக்கும் கண்ணி) வளையமாக்கிவிடுங்கள். மூன்று செயின் போட்டால் அது முதல் டபுள் குரோஷே (ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிப் போடும் உயரமான கண்ணி) கணக்கு, கூடவே இன்னும் இரண்டு டபுள் குரோஷே, ஆக ஒரு கொத்து. இரண்டு செயின் மூலைக்கு. அப்புறம் மூன்று டபுள் குரோஷே, இரண்டு செயின் என்று மொத்தம் நாலு கொத்து, நாலு மூலை, ஸ்லிப் ஸ்டிச்சால் முடிப்பு. அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் கொத்து, இரண்டு செயின், மறுபடி கொத்து. மூலைகளுக்கு நடுவே வருகிற இடைவெளிகளில் ஒவ்வொரு கொத்து மட்டும். இதில் எனக்கு மிகவும் உதவிய ஒரு கணக்கு: எத்தனையாவது சுற்றோ, ஒரு பக்கத்தில் அத்தனை கொத்து இருக்க வேண்டும். முதல் சுற்றில் மொத்தம் 4, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 12. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எண்ணிவிடுங்கள், ஐந்தாவது சுற்றில் வந்து இரண்டாவது சுற்றைப் பிரிக்கிற கொடுமை இருக்காது.

சதுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகிறதா? ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போவதால் வருவது அது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் சதுரத்தைத் திருப்பிப் பிடித்துப் பின்னினால் நேராகும்.

வீடியோ பார்த்துக் கற்பதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கை ஓடுவது தெரிகிறது, எங்கே இருக்கிறோம் என்பது தெரிவதில்லை. முதல் சில சதுரங்கள் தாண்டியதும் குறியீட்டுப் படம் படிக்கப் பழகுங்கள்: முட்டை வடிவம் செயின், நடுத்தண்டில் சாய்கோடு போட்ட டி எழுத்து டபுள் குரோஷே. எழுத்தில் உள்ள பேட்டர்ன் என்றால் அது அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று முதல் வரியிலேயே பாருங்கள், அமெரிக்கர் டபுள் குரோஷே என்பதை பிரிட்டிஷார் டிரெபிள் என்பார்கள். நான் மேலே சொன்னது அமெரிக்க முறை. படத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

அளவு? 36 அங்குலப் போர்வைக்கு 6 அங்குலச் சதுரம் என்றால் ஆறுக்கு ஆறு, 36 சதுரம். ஒரு சதுரத்தைப் பின்னி, துவைத்து, காயவைத்து, அப்புறம் அளந்து பாருங்கள், பருத்தி சுருங்கும். அதையே சமையலறைத் தராசில் வைத்தால் நூல் கணக்கும் வந்துவிடும். ஒரு சதுரம் 12 கிராம் என்றால் 36-க்கு 432 கிராம், இணைப்பதற்கும் பார்டருக்கும் மேற்கொண்டு வேண்டும். மொத்தமாக ஒரே லாட் எண் (ஒன்றாகச் சாயம் போட்ட தொகுதியின் எண்) பார்த்து வாங்குங்கள், அடுத்த மாதம் போனால் அதே ரோஸ் கிடைக்காது.

நிறம் சேர்க்கும் ஆசையில் ஒன்றை மறந்துவிடுவோம். மூன்று நிறம் என்றால் ஒரு சதுரத்துக்கு ஆறு நூல் முனை, 36 சதுரத்துக்கு 216. ஒவ்வொன்றையும் ஆறு அங்குலம் விட்டு வெட்டி, மழுங்கிய ஊசியில் கோத்து, போன வழியிலேயே ஒருமுறை திரும்பிவந்து ஒளிக்க வேண்டும். சதுரம் முடிந்த கையோடு செய்துவிடுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வெறுத்துப்போகும்.

இணைப்பதற்குப் பல வழி உண்டு. சிங்கிள் குரோஷேயில் (டபுளை விடக் குட்டையான கண்ணி) இணைத்தால் மேடு தட்டும், குழந்தை அதன்மேல் படுக்குமானால் தட்டையாகத் தைப்பதே நல்லது. சென்னையில் 2016-இல் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவினர் பலர் பின்னியதை ஒன்றாக இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக்கி கின்னஸ் சாதனை செய்தார்கள், நமக்கு 36 துண்டுதானே!

குழந்தைக்கு என்பதால் இன்னொன்று. மேலே சொன்ன சாதாரண கிரானி ஸ்கொயர் கை பழகுவதற்கு; அதன் இடைவெளியில் பிஞ்சு விரல் நுழைந்து மாட்டிக்கொள்ளும், அதனால் போர்வைக்கு இடைவெளியில்லாத சாலிட் வகையை எடுங்கள். மணி, பொத்தான், குஞ்சம் எதுவும் வேண்டாம். குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை தூங்கும் இடத்தில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், தளர்வான போர்வை கூடாது என்கிறது. தரையில் விரித்து விளையாடவிட, மடியில் வைத்துக்கொள்ள, விழித்திருக்கும்போது மட்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பாட்டிமார் கேட்டுக்கொள்ள மாட்டார்கள், அம்மாவிடம் சொல்லுங்கள். நூல் லேபிளையும் மிச்ச நூலில் ஒரு சின்ன உருண்டையையும் சேர்த்தே கொடுத்துவிட்டால், எப்படித் துவைப்பது என்றும் தெரியும், எங்காவது பிரிந்தால் அதே நிறத்தில் தைத்தும் கொள்ளலாம்.