சிவப்புக் கோடும் மலை வளைவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மோட்டார் சைக்கிள் ஓடப் பழகியவருக்கு ஏற்றம் என்பது ஒரு மதகின் முதுகு. இறக்கம் என்பது அதன் மறுபக்கம். கீரிமலை என்று பெயருண்டு, ஏறுவதற்கு மலை இல்லை. நான் பழகியது தந்தையாரின் எம்.டி. 90 இல். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் எரிபொருள் கிடைக்காதபோது, காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி அது. அதில் கோண்டாவிலிலிருந்து நகரத்துக்கும் திரும்பவும் எத்தனையோ ஆயிரம் தடவை போய்வந்த எனக்கு, 2014 ஆம் ஆண்டு தலவாக்கலையில் உள்ள ஓர் அரச அலுவலகத்தில் முதல் நியமனம் கிடைத்தபோது, வீதியைப் பற்றி நான் எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்ற எண்ணமே வரவில்லை.

தங்குமிடம் ஹட்டனில் அமைந்தது. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் மூவர் சேர்ந்து எடுத்திருந்த வாடகை வீட்டில் ஓர் அறை காலியாக இருந்ததே அதற்குக் காரணம். காலை நேரத்துப் பேருந்துகள் பாடசாலைப் பிள்ளைகளால் நிரம்பி வழியும்; பிற்பகலில் தோட்டங்களுக்குள் வெளிக்களக் கடமைக்கும் போக வேண்டியிருந்தது. ஆகவே ஊரிலிருந்த என் மோட்டார் சைக்கிளை, யாழ்ப்பாணத்தில் கரட்டும் லீக்ஸும் இறக்கிவிட்டுத் திரும்பும் ஒரு லொறியில் ஏற்றுவித்து, ஹட்டன் நகரில் இறக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள், மல்லியப்பு, கொட்டகலை, பத்தனை, டெவோன், சென்கிளேயர் என்று ஏறத்தாழ 20 கிலோமீற்றர் காலையிலும், அதே தூரம் மாலையிலும் நான் போய்வந்தேன்.

அவிசாவளையில் தொடங்கிக் கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக நுவரெலியா வரை ஏறும் ஏ-7 வீதியின் ஒரு துண்டு அது. கோப்பியும் பின்னர் தேயிலையும் மாட்டு வண்டிகளில் இறங்கிய காலத்து மலைப்பாதைகளின் வழியே வளர்ந்த வீதி. மாடு இழுக்கக்கூடிய சரிவு வேண்டுமென்றால் மலையின் ஒவ்வொரு மடிப்பையும் சுற்றித்தான் பாதை வர வேண்டும். 1884 இல் ஹட்டனுக்கும் அடுத்த ஆண்டில் நானுஓயாவுக்கும் வந்த புகையிரதப் பாதையும் அதே மடிப்புகளைத்தான் சுற்றிச் செல்கிறது. வண்டி மாடுகளுக்காக வளைக்கப்பட்ட அந்த வளைவுகளில் இன்று நெடுந்தூரப் பேருந்துகளும், கொள்கலன் லொறிகளும், கொழுந்துச் சாக்கு ஏற்றிய உழவு இயந்திரங்களும், சுற்றுலா வான்களும், முச்சக்கரவண்டிகளும் ஒன்றையொன்று முந்திக்கொள்கின்றன. டெவோன் நீர்வீழ்ச்சி 97 மீற்றர் உயரமானது என்று அங்குள்ளவர்கள் பெருமையோடு சொல்வார்கள். மோட்டார் சைக்கிளில் போகும்போது அதைப் பார்க்கக் கூடாது என்பதே நான் முதல் வாரத்தில் கற்ற பாடம். கண் போகும் பக்கம்தான் வண்டியும் போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கும், எதிரே வரும் பேருந்தின் முகப்பைப் பார்த்தால் பேருந்துக்குமே கைப்பிடி திரும்பும். வளைவு முடியும் இடத்தைப் பார்த்தால் உடம்பு தானாகவே சாய்ந்து வண்டியை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். சமநிலத்தில் இருபது வருடம் ஓடினாலும் இது புரிவதற்கு வாய்ப்பில்லை.

முதலில் மாறியது வண்டிதான். ஹட்டன் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலிவதால், ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் இயந்திரத்தின் வலுவில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு குறையும். காபரேற்றரோ கடல் மட்டத்துக் கணக்கில் பெற்றோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது வாரமே பிளக் கரிபிடித்து, பத்தனை ஏற்றத்தில் வண்டி இருமத் தொடங்கியது. கராஜ் வைத்திருந்த பெரியவர் பிளக்கைக் கழற்றி, அந்தக் கறுப்பை விரலில் தொட்டு எனக்குக் காட்டி, “இது கீழ்நாட்டு மூச்சு சார், இங்க சரிவராது” என்றார். பெற்றோல் அளவைக் குறைத்துவிட்ட பின்பு பிரேக்கை அமர்த்திப் பார்த்தவர், இறக்கத்தில் எந்த கியரில் வருகிறேன் என்று கேட்டார். நான்காவது என்றேன். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும் என்றும், எந்த கியரில் ஏறுவேனோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்றும், வளைவுக்குள் போனபின்பு பிரேக்கைத் தொடாமலிருக்கும்படி அதற்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்றும் அவர் சொன்னதை அன்றே மனத்தில் எழுதிக்கொண்டேன். வேகம் இரண்டு மடங்கானால், வளைவில் சில்லு வீதியைப் பற்றிப்பிடிக்க வேண்டிய பலம் நான்கு மடங்காகும். படிக்கும்போது கணக்காக எழுதிய விடயம், அந்தக் கராஜில்தான் எனக்கு உண்மையாக விளங்கியது.

பிறகு வீதி பேசத் தொடங்கியது. மலை வீதியில் ஹோர்ன் என்பது கோபமல்ல. மறைவான வளைவுக்கு முன் ஒரு சிறு ஒலி கொடுத்தால், அப்பால் வருபவர் பதில் கொடுப்பார். ஏறி வரும் பாரவண்டிக்கு இறங்குபவர் இடம் விடுவார். ஏற்றத்தில் நின்றுவிட்டால் அதை மறுபடி கிளப்புவது எவ்வளவு சிரமம் என்று எல்லோருக்கும் தெரியும். லொறியில் இருக்கும் உதவியாளர் இடப்பக்க யன்னலால் கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தால் ‘பொறு’ என்று பொருள். விரல்களை முன்னோக்கி வீசினால் ‘வா’ என்று பொருள். மலையின் மடிப்பு ஒன்றுக்குள் நுழையும்போது அதன் மறுகரையில் உள்ள வீதி முன்கூட்டியே தெரியும். அங்கே ஒரு பேருந்து வருகிறதென்றால், நடுவிலுள்ள வளைவில் அதைச் சந்திப்போமா, தாண்டிவிடுவோமா என்று ஒரு கணக்குப் போட வேண்டும். மூடுபனி இறங்கும் நாட்களில் அந்தக் கணக்கும் இல்லை. தலைக்கவசத்தின் கண்ணாடி உள்ளே வியர்த்து, வெளியே நனைந்து, முன்னால் போகும் வாகனத்தின் சிவப்பு விளக்கு மட்டுமே வழிகாட்டும். மேயிலிருந்து செப்டெம்பர் வரை, மழைக்கோட்டுக்குள் சேட்டின் மேல் ஒரு நாளிதழை விரித்துக்கொண்டு போவேன். குளிருக்கு அதைவிட நல்ல மருந்து வேறில்லை.

இவ்வளவையும் பொறுமையாகக் கற்றுத் தந்த வீதியில் என்னை அவசரப்படுத்தியது அலுவலகத்தின் வரவுப் பதிவேடு. காலை 8.30 ஆனதும் அதில் ஒரு சிவப்புக் கோடு விழும். கோட்டுக்கு மேலே கையெழுத்திட்டவர் ஒழுங்கானவர். கீழே இட்டவர் விளக்கம் சொல்ல வேண்டியவர். நகரத்திலேயே குடியிருந்து நடந்து வருபவருக்கும், ஹட்டனிலிருந்து மழையில் வருபவருக்கும், மண்சரிவு விழுந்து ஒருவழிப் போக்குவரத்தான நாளில் முக்கால் மணிநேரம் நின்று வருபவருக்கும் அது ஒரே கோடுதான். நேர ஒழுங்கு வேண்டாம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அலுவலகத்தின் வாசலில் தோட்டத்திலிருந்து நடந்து வந்து காத்திருக்கும் மக்களுக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை அது. ஆனால் அந்தக் கோட்டை வரைபவர், வருபவர் எந்த வீதியால் வருகிறார் என்பதை ஒருமுறையாவது கேட்டறிந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக, 8.15 அளவில் தொலைபேசியில் அழைத்து எங்கே வருகிறீர்கள் என்று விசாரிக்கும் வழக்கம் இருந்தது.

2015 ஜூலை மாதத்து ஒரு காலையில் அந்த அழைப்பு வந்தபோது, டெவோனைத் தாண்டி ஒரு வலதுபக்க வளைவுக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். சிற்றோடை ஒன்று மதகுக்குக் கீழால் பாயும் மடிப்பு அது. இடப்பக்கம் மலைச்சுவரும் அதன் அடியில் வடிகாலும் இருந்தன. சட்டைப்பையில் தொலைபேசி அதிரத் தொடங்கியது. நான் அதை எடுக்கவில்லை. எடுக்காவிட்டாலும் என் கண் கைக்கடிகாரத்துக்குப் போனது. மணி 8.17. அந்த ஒரு கணத்தில், ஈர வீதியில் வானவில் நிறத்தில் படர்ந்திருந்த டீசலை நான் பார்க்கவில்லை. தாங்கியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு வந்த ஏதோ ஒரு வாகனம் வளைவில் சாயும்போது சிந்திய டீசல் அது. முன்சில்லு என் கையைவிட்டுப் போன விதத்தை இன்றும் உள்ளங்கையில் உணர முடிகிறது: வழுக்கியது போலக்கூட இல்லை, வீதியே அங்கே இல்லாதது போல் இருந்தது. வண்டி ஒருபுறம் சரிய, நான் அதன் பின்னால் இழுபட்டு வடிகாலுக்குள் விழுந்தேன். இடப்பக்கம் மலைச்சுவராக இல்லாமல் பள்ளமாக இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு அம்மா, கூடையை வைத்துவிட்டுச் சரிவால் இறங்கி வந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து வீதியோரம் விரித்து, “தம்பி, இதுல உக்காருங்க. வண்டிய நாங்க பாத்துக்கிறோம்” என்றார். அவரோடு வந்த இரண்டு ஆண்கள், என்னைப் பார்ப்பதற்கு முன்னர், மண்வெட்டியால் மண்ணை வெட்டி டீசல் மேல் எறிந்தார்கள். அடுத்து வருபவர் விழக் கூடாதே என்ற நினைப்பு அவர்களுக்கு அவ்வளவு இயல்பாக இருந்தது. முழங்கையிலும் முழங்காலிலும் தோல் உரிந்திருந்ததே தவிர எனக்கு எலும்பு முறியவில்லை. அந்த அம்மா போத்தலில் இருந்த தண்ணீரால் என் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது மேலிருந்து கங்காணியின் குரல் கேட்டது. அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “போட்டா அரைப்பேருதானே போடுவாங்க, போடட்டும்” என்று சொல்லி, தன் துண்டின் ஓரத்தைக் கிழித்து என் முழங்கையைக் கட்டினார்.

அரைப்பேர் என்றால் என்ன என்பது எனக்கு அன்று சரியாகத் தெரியாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு சக உத்தியோகத்தரிடம் பின்னர் கேட்டேன். காலையில் தொழிலாளர் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போகிறவர், நிர்ணயித்த கிலோ கொழுந்தைப் பறிக்காவிட்டால் அன்றைய நாளுக்கு அரைப்பேர் என்று பதிவாகும்; அரைநாள் சம்பளம்தான். எனக்கு அலுவலகத்தில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு கையெழுத்து விழுந்ததோடு சரி, சம்பளத்தில் ஒரு சதம் குறையவில்லை. பச்சைக் கொழுந்தில் கணக்குப் பார்க்கப்படும் ஒரு நாளிலிருந்து அரைமணி நேரத்தை எடுத்து எனக்குத் தந்தவர் அந்த அம்மா. அவருக்கு அன்று அரைப்பேர் விழுந்ததா என்று நான் போய்க் கேட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் அந்த வளைவில் வண்டியை நிறுத்தியபோது அந்த மலையில் ஆட்கள் இல்லை. பறிப்பு வேறு மலைக்கு மாறியிருந்தது. அதற்குப் பிறகும் தேடிப் போயிருக்கலாம். போகவில்லை. இது இன்றுவரை என் மனத்தில் கிடக்கிறது.

அன்று 9.20 க்கு அலுவலகத்தை அடைந்தபோது கேட்கப்பட்ட கேள்வி, ஏன் பிந்தியது என்பது மட்டுமே. காயத்தைப் பற்றி யாரும் கேட்காததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீதியில் டீசல் கிடக்கிறது, பின்னால் வருபவர்களுக்கு அறிவியுங்கள் என்று நான் சொன்னதையும் யாரும் காதில் வாங்காததுதான் என்னைச் சுட்டது.

2017 இல் யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் கிடைத்து வந்துவிட்டேன். ஆனாலும் அந்த வீதிகளின் செய்தி வரும்போதெல்லாம் கை நின்றுவிடும். 2023 ஜனவரி 20 ஆம் திகதி, அதே வழியில் தலவாக்கலைக்கு அப்பால், நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் 7 பேர் இறந்தபோதும், 2025 மே 11 ஆம் திகதி கொத்மலைப் பக்கத்தில் பேருந்து ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து 20 க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும், நெடுநேரம் அந்த வளைவுகளை மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வரவுப் பதிவேடு என் மேசையில் இருக்கிறது. சிவப்புப் பேனையும் என்னுடையதே. 8.30 க்குக் கோடு போடுகிறேன்; விதி அப்படித்தான் சொல்கிறது, அதை வளைக்க எனக்கு அதிகாரமில்லை. ஆனால் பொறுப்பேற்ற முதல் வாரத்தில், ஒவ்வொருவரும் எங்கிருந்து எந்த வழியால் வருகிறார்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். குடாநாட்டில் மலை இல்லை என்றாலும், ஆபத்தில்லாத வீதி என்று ஒன்றும் இல்லை. ஏ-9 இல் மாங்குளம் பக்கமிருந்து வருபவருக்கு மாடுகளும் இருட்டும். பூநகரியிலிருந்து 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் வருபவருக்குப் பக்கக்காற்று. புங்குடுதீவிலிருந்து வருபவருக்கு இரண்டு கடல்வழித் தாம்போதிகள். காலை 7.30 க்கும் 8.30 க்கும் இடையில் எந்த உத்தியோகத்தரையும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்று என் பிரிவில் சொல்லி வைத்திருக்கிறேன். அவசரமென்றால் செய்தி அனுப்பலாம். வந்து சேர்ந்த பிறகு பார்க்கட்டும். முதலாவது அரைமணி நேரத்துக்குரிய பொதுமக்கள் கடமையை நகரத்துக்குள் இருந்து வருபவர்கள் செய்கிறார்கள். அவர்கள் முணுமுணுத்ததும் உண்டு. தீவுப் பகுதிக்காரர் மாலையில் அதற்கு ஈடாக நின்று கோப்புகளை முடித்துக் கொடுக்கத் தொடங்கிய பின்னர் அது ஓய்ந்தது.

சோளகம் கடுமையாக வீசிய போன ஜூலையில் ஒருநாள், புங்குடுதீவிலிருந்து ஸ்கூட்டரில் வரும் இளம் உத்தியோகத்தர் 8.41 க்கு உள்ளே வந்தார். தலைக்கவசத்தின் விளிம்பில் உப்புப் படிந்திருந்தது, கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. பதிவேட்டை எடுத்து, கோட்டுக்குக் கீழே நேரத்தைச் சரியாக எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, என்ன கேட்கப்போகிறேனோ என்று நின்றார்.

“இண்டைக்குக் காத்து எப்பிடிப் பிள்ளை?” என்று கேட்டேன்.

“பண்ணைப் பாலத்தில ஆளைத் தள்ளுது சேர்” என்றார். பிறகு சற்று யோசித்து, “நடுவில ஒரு லொறி மீன்தண்ணி ஊத்திக்கொண்டு போயிருக்கு, சரியான வழுக்கல். பின்னால வாறாக்களுக்குச் சொல்ல வேணும்” என்றார். அவருக்குப் பின்னால் வர இருந்த இருவரின் பெயர்களும் அந்தத் தாளில் இருந்தன. அவர்களுக்கான செய்தியை அவரையே எழுதச் சொல்லிவிட்டு, வீதியை யாராவது கழுவிவிட முடியுமா என்று கேட்பதற்காக நான் தொலைபேசியை எடுத்தேன்.