பழைய கவர்னரைக் கழற்றும் முன்

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மண்டபம் கரையில் விசைப்படகுகளைப் பழுதுபார்க்கும் வேலை மும்முரமாக நடக்கும். அங்கே டீசல் எஞ்சின் மெக்கானிக்காக இருக்கும் என் தாய்மாமாவிடம், ஒரு சிறிய விமானத்தின் கவர்னரை மாற்றப் போகிறேன் என்றதும், "நம்ம பம்புல இருக்கிற கவர்னர்தானா, மருமகனே?" என்று கேட்டார். பாதி சரி. சுழலும் எடைகளும், அவற்றை எதிர்த்து அழுத்தும் சுருள்வில்லும் இரண்டிலும் உண்டு. ஆனால் படகில் வேகம் குறைந்தால் கவர்னர் டீசலைக் கூட்டுகிறது. விமானத்தில் அது எரிபொருளைத் தொடுவதே இல்லை. எஞ்சின் ஆயிலைத் தன் பல்சக்கர பம்பால் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 300 பவுண்டு அழுத்தம் வரை ஏற்றி, அதைக் கொண்டு புரொப்பெல்லர் இலைகளின் கோணத்தை மாற்றி, விமானி நீலக் குமிழால் குறித்த ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற வேகத்தை) அப்படியே நிலைநிறுத்துகிறது.

இராமநாதபுரத்தில் விமானம் என்றால் உச்சிப்புளியில் உள்ள கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து தளம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் சொல்வது வெளியூர் ஹேங்கரில் நிற்கும், ஒற்றை எஞ்சினும் நான்கு இருக்கைகளும் கொண்ட தனியார் விமானம். எஞ்சின் லைகமிங் நிறுவனத்தின் 200 குதிரைத்திறன் எஞ்சின், அதிகபட்சம் 2700 ஆர்பிஎம்.

கவர்னருக்கு வயதாகிவிட்டால் ஆர்பிஎம் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கும். குமிழை இழுத்தால் தாமதமாகவே பதில் வரும். அடித்தளத்திலும் கைப்பிடித் தண்டின் சீலிலும் ஆயில் கசியும். பம்பின் பற்கள் தேய்வது, ஆயிலின் வழியைத் திறந்து மூடும் பைலட் வால்வில் கீறல் விழுவது, ரப்பர் வளையங்கள் இறுகிப்போவது ஆகியவையே உள்ளிருக்கும் காரணங்கள். ஆயினும் இதே அறிகுறிகளை வேறு உறுப்புகளும் காட்டும் என்பதால், கிராங்க் தண்டின் முன்பக்க பேரிங்கில் ஆயில் அழுத்தம் கசிந்து வீணாகிறதா, கட்டுப்பாட்டுக் கேபிள் தளர்ந்திருக்கிறதா, ஆர்பிஎம்மைக் காட்டும் டாகோமீட்டரே பொய் சொல்கிறதா என்பதையெல்லாம் முதலில் பார்த்துவிட வேண்டும். பழைய மெக்கானிக்கல் டாகோமீட்டரை ஒளிவழி டாகோமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் கவர்னரைக் குற்றம் சொல்வதை நான் ஏற்பதில்லை.

இவ்வளவும் பார்த்தபின் குற்றம் கவர்னர்மேல்தான் என்று உறுதியானால், இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இவ்வகை ஒற்றை எஞ்சின் விமானங்கள் பெரும்பாலானவற்றில் ஆயில் அழுத்தம் போனால் இலைகள் குறைந்த கோணத்துக்குத் திரும்பிவிடும். எஞ்சின் நிற்காது, மாறாக எல்லை மீறிச் சுழலும், விமானி உடனே த்ராட்டிலைக் குறைத்து வேகத்தையும் தணிக்க வேண்டியிருக்கும். இரட்டை எஞ்சின் விமானங்களில் பொதுவாக இது தலைகீழ்: அழுத்தம் போனால் இலைகள் காற்றோட்டத்துக்கு நேராகத் திரும்பிவிடும். ஆகவே, பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறது என்று வேறு மாடலைப் பூட்டுவது ஆபத்து. பார்ட் நம்பர் அந்த எஞ்சினுக்கும் அந்தப் புரொப்பெல்லருக்கும் அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், கூடவே அந்த உறுப்பு விமானத்தில் பூட்டத் தகுதியானது என்று காட்டும் சிஏ படிவம் 1 அல்லது அதற்கு இணையான வெளியீட்டுச் சான்று வர வேண்டும்.

கழற்றிப் பூட்டும் வேலையில் நான் மிகவும் கவனிப்பது கவர்னருக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஆயில் கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டை. அதன் நடுவே உள்ள வலையின் மேடான பக்கம் கவர்னரை நோக்கி இருக்க வேண்டும். கவர்னர் தண்டின் பள்ளங்கள் எஞ்சினோடு பொருந்தாவிட்டால் நட்டுகளை இறுக்கி இழுத்துவிடலாம் என்ற எண்ணமே வரக் கூடாது. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோக்கள் அணைந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு புரொப்பெல்லரைச் சற்றே அசைத்தால் தானாக இறங்கிவிடும். குமிழ் முழுவதும் உள்ளே போகும் சற்று முன்பே, கவர்னரின் கைப்பிடி, அதிகபட்ச ஆர்பிஎம்முக்கு எல்லை வைக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொட்டிருக்க வேண்டும்.

தவறு மிகுதியாக நேர்வது அந்த ஸ்க்ரூவில்தான். விமானம் தரையில் நிற்கும்போது முழு த்ராட்டிலில் 2700 வரவில்லை என்றதும் ஸ்க்ரூவைத் திருகிவிடுவார்கள். அசையாமல் நிற்கும் நிலையில் ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் கவர்னர் அல்ல, இலைகளின் குறைந்த கோண எல்லை. ஆகவே எவ்வளவு திருகினாலும் தரையில் மாற்றம் தெரியாது, ஓடுபாதையில் வேகம் கூடியதும் ஆர்பிஎம் டாகோமீட்டரில் அதிகபட்ச அளவைக் குறிக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டும். சோதனைப் பறப்பில் எடுத்த அளவை எழுதிவந்து, எஞ்சினை அணைத்தபின் சிறிது சிறிதாகத் திருகுவதே முறை.

முதல் பறப்புக்குப் பின் எஞ்சினை மூடியிருக்கும் கௌலிங்கைத் திறந்து அடித்தளத்தில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தோம், உலர்ந்திருந்தது. லாக் புத்தகத்தில் இரண்டு கவர்னர்களின் சீரியல் எண்களையும் எழுதிக் கையெழுத்திட்டேன். பழையதை ஓவர்ஹால் செய்து வைத்துக்கொள்ள உரிமையாளர் விரும்பினார். அதன் வயதுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். அவர் இன்னும் முடிவெடுக்கவில்லை.