அப்பாவின் மாத்திரைச் செலவும் இன்சூரன்ஸும்

இன்சூரன்ஸ் இருந்தால் மாத்திரைக்கும் பணம் கிடைக்குமா என்று பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள் இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள். அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பி வலைக் குழாய் வைத்த பிறகு மருந்துப் பணத்துக்காக நான் அலைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அவர்கள். கிடைக்கும். ஆனால் எந்த நோய்க்காக ஆஸ்பத்திரியில் படுத்தோமோ அந்த நோய்க்கான மருந்துக்குத்தான் கிடைக்கும், அதுவும் குறிப்பிட்ட நாட்கள் வரைதான். மாதாமாதம் விழுங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்குச் சாதாரண பாலிசிகள் எதுவும் தருவதில்லை. புறநோயாளிச் செலவுக்கென்று கூடுதலாகச் சேர்த்து எடுத்திருந்தால் உண்டு.

அப்பா பேட்டை பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு அவருக்கு ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி எடுத்தோம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரலில் கொண்டுவந்த பாலிசி அது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் விதிகள் ஒன்றுதான் என்பதால் எங்கள் அனுபவம் மற்றவர்களுக்கும் பொருந்தும். அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதை விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தோம். பழைய நோய்க்குப் பணம் தராத தொடக்கக் காலமான காத்திருப்புக் காலமும் முடிந்திருந்தது. இதை மறைக்காமல் எழுதியது எவ்வளவு பெரிய பலம் என்று கிளெய்ம் போடும்போது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பழைய நோய் விவரம் கேட்டபோது சொன்னதும் விண்ணப்பத்தில் இருந்ததும் ஒன்றாக இருந்ததால் அந்தப் பக்கம் ஒரு கேள்வியும் வரவில்லை.

ஆஸ்பத்திரி பில் பணமில்லாச் சிகிச்சையில், அதாவது இன்சூரன்ஸ் நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகக் கட்டும் முறையில், முடிந்துவிட்டது. டயப்பர் போன்ற சில்லறைச் செலவும், இந்தப் பாலிசியில் எல்லா கிளெய்முக்கும் நாமே கட்ட வேண்டிய 5 சதவீதப் பங்கும் எங்கள் கையிலிருந்து போயின. அறை வாடகைக்கு நாளொன்றுக்கு வரம்பு காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். அதற்குள்ளேயே அறை எடுத்தோம். வரம்பைத் தாண்டினால் டாக்டர் கட்டணம் மாதிரி மற்ற செலவுகளையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். ஆனால் மருந்து, ஸ்டென்ட், பரிசோதனைச் செலவுகளில் அப்படி வெட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. பில்லில் மருந்துக் கணக்கையும் சேர்த்து வெட்டியிருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த தம்பி, "இனிமே வாங்குற மருந்துக்கு நீங்கதான்க்கா தனியா கிளெய்ம் போடணும்" என்று சொன்னார். அந்த ஒரு வரியை அவர் சொல்லாமல் இருந்தால் நாங்கள் அதோடு விட்டிருப்போம். நிறைய வீடுகளில் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள்.

விதி இதுதான். ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முந்தைய 30 நாளும், வீட்டுக்கு வந்த பிறகு 60 நாளும் அதே நோய்க்கு ஆகும் மருந்து, பரிசோதனை, டாக்டர் ஃபீஸ் எல்லாம் பாலிசிக்குள் வரும். முந்தைய செலவுக்கான காகிதங்களை டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தைய செலவுக்கு, சிகிச்சை முடிந்ததிலிருந்து 15 நாள். வேறு பாலிசிகளில் இந்த நாட்கணக்கு மாறும், உங்கள் பாலிசிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படுப்பதற்கு முந்தைய அந்த 30 நாளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அப்பா முதலில் வாயுத் தொல்லை என்றுதான் பக்கத்து கிளினிக்குக்குப் போனார். அங்கே எடுத்த ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, மாத்திரை பில் எல்லாவற்றையும் அம்மா ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்திருந்தாள். கிளினிக் சீட்டில் 'நெஞ்சுவலி' என்று எழுதியிருந்ததால் அது முழுவதும் ஏற்கப்பட்டது. அம்மாவின் அந்தப் பழக்கத்துக்கு நான் எப்போதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

சிக்கல் வந்தது 60 நாள் மருந்தில். ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின், பழைய சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எல்லாம் ஒரே பில்லில் இருந்தன. மெட்ஃபார்மினைக் கழித்துவிட்டார்கள். அது ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரை, அதனால் எனக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் இரண்டாவது மாதத்து குளோபிடோக்ரெலையும் கழித்ததைத்தான் தாங்க முடியவில்லை. காரணம், 'மருந்துச் சீட்டு இல்லை'. சீட்டு இருந்தது! செக்கப்புக்குப் போனபோது டாக்டர் அதில் மாத்திரைப் பெயர்களை எழுதாமல், முந்தைய மருந்துகளையே தொடரவும் என்று மட்டும் எழுதியிருந்தார். ஸ்டென்ட் வைத்தவர் அந்த மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். உயிரைப் பிடித்து வைத்திருக்கும் மருந்துக்குப் பெயர் எழுதவில்லை என்று பணத்தை நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

டாக்டரிடம் மறுபடி போய்ச் சொன்னதும், பெயர், அளவு, எத்தனை நாள் என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். அதையும் டிஸ்சார்ஜ் சம்மரியின் மருந்துப் பக்கத்தையும் இணைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் அனுப்பினேன். பணம் வந்தது. வராமல் இருந்திருந்தால் ஆணையத்தின் பீமா பரோசா என்ற இணையப் புகார் தளத்திலும், அடுத்து சென்னையில் இருக்கும், காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடமும் போயிருப்பேன். நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

மருந்து வாங்கும் இடத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் அனுபவம். முருகன்குறிச்சியில் நாங்கள் வழக்கமாக வாங்கும் மெடிக்கல்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்பா பேரு மட்டும் போதாது தாயி, டாக்டர் பேரும் போடணும்லா, சீட்டைத் தாங்க" என்று வாங்கிப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார் அண்ணாச்சி. நோயாளி பெயர், டாக்டர் பெயர், தேதி, மருந்தின் பெயர், பேட்ச் எண் எல்லாம் அச்சில் வந்தன. அப்புறம் இன்னொன்று: இதய மாத்திரைக்குத் தனி பில், சர்க்கரை மாத்திரைக்குத் தனி பில் கேட்டு வாங்குங்கள். சத்து மாவு, சோப்பு எதையும் அதோடு சேர்க்க வேண்டாம். ஒரிஜினலைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

சரி, 60 நாள் முடிந்த பிறகு? மாத்திரை நிற்கப் போவதில்லை. முக்கூடலில் பீடி சுற்றும் எங்கள் சித்திக்கு தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அப்பாவுக்கு வழி கிடைத்தது வேறு இடத்தில். வேலையில் இருந்தவரை அவர் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசு காப்பீட்டுக்குப் பிடித்தம் இருந்தது. குறைந்தது 5 ஆண்டுகள் இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் முன்பணமாகக் கட்டினால் அவரும் மனைவியும் தொடர்ந்து மருத்துவ வசதி பெறலாம். இதை அப்பாவோடு வேலை பார்த்த ஒரு மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். மில்லில் ஓய்வுச் சான்று வாங்கி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விண்ணப்பித்தோம். இப்போது இதய மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் டிஸ்பென்சரியில் இலவசமாக வாங்குகிறோம். எப்போதாவது ஒரு மாத்திரை இருப்பு இல்லை என்றால் மட்டும் வெளியே வாங்குகிறோம், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, குறைந்த விலையில் மருந்து கிடைக்கும் மக்கள் மருந்தகத்தில்.

தாழையூத்திலும் கங்கைகொண்டானிலும் பேட்டையிலும் ஆலைகளில் உழைத்து ஓய்வு பெற்ற எத்தனையோ பேர் இந்த 120 ரூபாய் விஷயம் தெரியாமல் மாதாமாதம் முழு விலை கொடுத்து மாத்திரை வாங்குகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவருடைய பழைய இ.எஸ்.ஐ. எண்ணைத் தேடி எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்தில் ஒரு தடவை விசாரியுங்கள்.