பேதுருவின் வெளிப்பாடு: 31-ஆம் வசனம் வரை வந்தாயிற்று

பைபிளில் யோவானுக்கு இருப்பது போல, இயேசுவின் சீடர் பேதுருவின் பெயரிலும் ஒரு வெளிப்பாடு உண்டு: சொர்க்கத்தையும் நரகத்தையும் காட்டும் நூல். இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. சபை ஏற்கும் நூல்களைச் சொல்லும் பழைய முரட்டோரி பட்டியல் இரண்டையும் ஏற்கிறது. ஆனால் பேதுருவுடையதைச் சபையில் வாசிப்பதைச் சிலர் விரும்பவில்லை என்றும் சொல்கிறது. கடைசியில் அது பைபிளுக்கு வெளியே நின்றுவிட்டது. 1886-87 குளிர்காலத்தில் எகிப்தின் அக்மிமில் ஒரு கல்லறையிலிருந்து எடுத்த சுவடியில் அதன் கிரேக்கத் துண்டு ஒன்று இருந்தது. மொத்தம் 34 வசனம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாகத் தமிழில் எழுதி வருகிறேன்.

சொர்க்கப் பகுதி சீக்கிரம் முடிந்தது. நரகத்தில்தான் வேகம் குறைந்தது. விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் இரங்காத பணக்காரர்கள் அழுக்குக் கந்தலோடு, பழுக்கக் காய்ந்த கூர்ங்கற்கள் மேல் புரள்கிறார்கள். அந்தக் கற்கள் வாளைவிட, 'ஒபெலிஸ்கோஸ்' எதையும்விடக் கூர்மை. நான் 'கல்தூண்' என்று எழுதிவிட்டேன். தூண் எப்படிக் கூர்மையாகும் என்று உறுத்தியது. மறுநாள் பார்த்தால், இறைச்சி கோத்துச் சுடும் கம்பிக்கும் அதே சொல்தான். அடித்துத் திருத்தினேன்.

அப்புறம் 31-ஆம் வசனம். சீழும் ரத்தமும் கொதிக்கும் சேறும் நிறைந்த ஏரியில் முழங்கால் வரை நிற்கிறார்கள் ஆண்களும் பெண்களும். யார் இவர்கள்? கடன் கொடுத்து 'தொகூஸ் தொகோன்' கேட்டவர்கள். அப்படியே 'வட்டிக்கு வட்டி'! ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதைவிடப் பெரிய சந்தோஷம், 'தொகோஸ்' என்றால் பெற்ற பிள்ளை என்றும் பொருள். வட்டி குட்டி போடும் என்று நாம் சொல்வதை அந்த ஒரே சொல் வைத்திருக்கிறது. அன்று வேறு எதுவும் எழுதவில்லை.

இந்த நூலை வெறும் சித்திரவதைப் பட்டியல் என்று ஒதுக்குவது தவறு என்றே நினைக்கிறேன். வியன்னாவில் இருக்கும் ஒரு தோல் ஏட்டில் இதே நூலின் இன்னொரு துண்டு உள்ளது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், நரக வேதனையிலிருந்து யாரை விடுவிக்கச் சொல்லிக் கேட்டாலும் அவர்களைக் கொடுப்பேன் என்று அங்கே இயேசு சொல்கிறார். எத்தியோப்பிய மொழிபெயர்ப்பில் அந்த இடம் மங்கிப் போயிருக்கிறது. அந்த வரியைத் தமிழாக்கி, 31-ஆம் வசனத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் மூன்று வசனம் பாக்கி.