கோவாவுக்குக் காது கேக்குமா?

நானும் வீட்டுக்காரரும் நாயோடவே வளர்ந்தவங்க. எங்க அப்பா வீட்டுல மொத்தம் நாலு நாய் இருந்துச்சு, நாலுக்கும் பேரு மணிதான், ஒண்ணு போயிருச்சுன்னா அடுத்து வர்றதும் மணி. அதனால ராஜபாளையத்துல இருந்து ரெண்டு மாசக் குட்டிய மதுரைக்குத் தூக்கிட்டு வந்தப்ப பயமெல்லாம் ஒண்ணும் இல்ல, நமக்குத் தெரியாததான்னு ஒரு கெத்துதான். வர்ற வழியில ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவா வாங்குனோம், குட்டியும் வெள்ளவெளேர்னு இருந்துச்சா, பேரு கோவா ஆயிருச்சு.

ஊசி எல்லாம் முடியுற வரைக்கும் தெருவுல இறக்கக் கூடாது, குட்டிகளைக் கொல்லுற பார்வோ வைரஸ் பயம். அதனால தூங்கி எந்திரிச்சதும், சாப்பிட்டதும், விளையாண்டு முடிச்சதும் ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போக அள்ளிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடணும். ராத்திரி ரெண்டு மணிக்கும் ஓடணும். அதுகூடப் பரவால்ல, பத்து நாளாகியும் கோவான்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது!

ராஜபாளையம் நாய்ல இப்படி முழு வெள்ளையா பொறக்குற குட்டி சிலதுக்குக் காது கேக்காமப் போறது உண்டு, நிறத்துக்குக் காரணமான அதே ஜீன் சமாச்சாரம்தான் காதையும் கெடுக்குமாம். எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. அத்தை வேற "செவிட்டுக் குட்டியக் குடுத்து ஏமாத்திட்டாய்ங்க"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அது தூங்கும்போது பின்னாடி போய் நின்னு எவர்சில்வர் டம்ளரத் தரையில போட்டேன். துள்ளி எந்திரிச்சு கட்டிலுக்கு அடியில போயிருச்சு, பாவம். டாக்டர்கிட்ட பெருமையா சொன்னா, அது கணக்கில்லம்மா, தரை அதிர்றதே அதுக்குத் தெரிஞ்சுரும், காத்துல வர்ற சத்தத்துக்குத் திரும்புதான்னு பாருங்கங்குறாரு. அன்னிக்குச் சாயங்காலம் சமையக்கட்டுல பால் பாக்கெட்ட கத்திரியில வெட்டுறேன், அந்த சின்ன 'சரக்'குக்கு ஹால்ல இருந்து வழுக்கிட்டு ஓடி வந்து நிக்குது.

அப்ப காது இருக்கு, எங்களத்தான் மதிக்கல.

ஏன்னு புரிய இன்னும் ரெண்டு நாள் ஆச்சு. நாங்க பேசுறத நானே உக்காந்து கேட்டேன். "கோவா விடு", "கோவா சீ", "கோவா கடிக்காத", "கோவா இங்கயா போவ". அதப் பொறுத்தவரைக்கும் கோவான்னா பேரு இல்ல, திட்டு. ஊர்ல மணிங்க எல்லாம் வாசல்லயும் தோட்டத்துலயும் தானா வளர்ந்துச்சுங்க, சோத்துக்கு மட்டும்தான் பேரச் சொல்லிக் கூப்பிடுவோம், அதான் பறந்து வந்துச்சுங்க. இத்தன வருஷமா அத எங்க டிரெய்னிங்னு நினைச்சுட்டு இருந்திருக்கோம்.

அதுல இருந்து வீட்டுல ஒரே சட்டம், திட்டும்போது பேரு கிடையாது. பேரச் சொன்னா கையில சுண்டுவிரல் நகம் அளவு அவிச்ச கோழி இருக்கணும், ஒரு நாளைக்கு இருவது தடவையாவது. ஒரு வாரத்துல சும்மா முணுமுணுத்தாலே தலையத் தூக்கிப் பாத்துச்சு. இதுல அத்தைதான் கெட்டிக்காரங்க, யாருக்கும் தெரியாம தயிர்சோறு உருண்டையோட கூப்பிட்டு இப்ப அவங்க கூப்பிட்டாத்தான் மொதல்ல ஓடுது.

நாலாவது மாசம் பல்லு விழ ஆரம்பிச்சுருச்சு. பெருக்கும்போது அரிசின்னு நினைச்சு எடுத்தேன், பாத்தா பால் பல்லு. 28 விழுந்து 42 முளைக்கணும், அதுவரைக்கும் செருப்பு, சீப்பு, சேலை முந்தான எதுவும் மிஞ்சாது. நேத்து வீட்டுக்காரரு புதுச் செருப்பு வாரோட போயிருச்சு. மனுசன் கோவத்துல வாயத் தொறந்துட்டு, பேரு சொல்லக் கூடாதுன்னு ஞாபகம் வந்து, "டேய் மணி!"ன்னு கத்துனாரு.

கோவா திரும்பிக்கூடப் பாக்கல.