அடிப்பக்க முத்திரைகள்

மார்ச் 3, 2024, ஹாங்காங்

நண்பர் வீட்டில் ஒரு பழைய வெள்ளிக் கிண்ணம். பூதக்கண்ணாடி வைத்து அடிப்பக்கத்தைப் பார்த்தோம். டபிள்யூ.எச்., 90, பக்கத்தில் சீன எழுத்தில் ஒரு முத்திரை. முதலாவது வாங் ஹிங் என்ற கடைப்பெயரின் சுருக்கம்: கான்டனிலும் (இன்றைய குவாங்சோ) இங்கே குயின்ஸ் ரோட்டிலும் கடை போட்டிருந்த குடும்பம். 90 என்பது வெள்ளியின் தரம், நூற்றுக்குத் தொண்ணூறு. சீன முத்திரை பட்டறைக்காரருடையது. அடித்து உருவாக்கியவர் அவர்தான், ஆனால் ஏலக்கடைகளில் எடுபடுவது கடைப்பெயர். எனக்கென்னவோ இது அநியாயமாகவே படுகிறது.

மார்ச் 6

கிண்ணத்தில் ஒரு டிராகன். அதைத் தனியாகச் செய்து பற்றவைத்திருக்கிறார்கள். விரலால் தடவினால் வயிற்றடியில் இடைவெளி தெரிகிறது. செதில் ஒவ்வொன்றும் தனித்தனி உளியடி. இதற்கெல்லாம் செய்கூலி என்ன கொடுத்திருப்பார்கள்?

மார்ச் 10

வெள்ளிச் சாமான் செய்து வெளிநாட்டாருக்கு விற்ற இந்தத் தொழிலுக்கு வெள்ளி வந்த வழி சுவாரசியமானது. 1757 முதல் 1842 வரை மேற்கத்தியக் கப்பல்களுக்குச் சீனாவில் திறந்திருந்த ஒரே துறைமுகம் கான்டன். தேயிலைக்கும் பட்டுக்கும் விலையாக மெக்சிகோ, பெரு நாணயச்சாலைகளில் அடித்த ஸ்பானிய டாலர்கள் வந்து குவிந்தன. அந்த நாணயமே ஏறக்குறைய 90 சதவீத வெள்ளி. அதை உருக்கித்தான் கரண்டியும் கோப்பையும் செய்து கப்பல்காரர்களுக்கு விற்றார்கள். கூலி மலிவு, வேலை சுத்தம். லண்டன் வெள்ளியில் இருக்கும் சிங்க முத்திரையை, ராஜா தலையை, தட்டார்களின் பெயரெழுத்துகளைக்கூட அப்படியே போலி செய்து குத்தினார்கள். அதனால் வெகுகாலம் பலர் இவற்றை இங்கிலாந்துச் சாமான் என்றே நம்பியிருந்தார்கள்!

வாங் ஹிங் அடுத்த காலத்து ஆட்கள். போலிச் சிங்கமெல்லாம் கிடையாது, சொந்தப் பெயர்தான். டிராகன், மூங்கில், செவ்வந்தி என்று சீனத்தனமே விலைபோன காலம். நியூயார்க் டிஃபனி கடைகூட இவர்கள் சரக்கை வாங்கி விற்றிருக்கிறது.

மார்ச் 17

இந்தத் தொழில் நொடித்த கதை. 1934-இல் அமெரிக்கா வெள்ளியை வாங்கிக் குவிக்கச் சட்டம் போட்டது. உலகச் சந்தையில் விலை ஏற, சீனாவிலிருந்து வெள்ளி வெளியே ஓடியது. 1935 நவம்பரில் சீனா வெள்ளி நாணய முறையையே கைவிட்டது. 1937-இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1941 கிறிஸ்துமஸ் அன்று ஹாங்காங்கும் விழுந்தது. வாங்க வந்த வெள்ளைக்காரர்களே ஜப்பானியர் முகாமில் அடைபட்ட பிறகு யாருக்கு விற்பது?

ஷாங்காயில் 1848-இல் தொடங்கிய லாவோ ஃபெங் சியாங் என்ற நகைக்கடை மட்டும் இன்றும் இருக்கிறது. ஃபெய் குடும்பம் மூன்று தலைமுறை நடத்திய கடை, கம்யூனிஸ்ட் ஆட்சியில் அரசின் கைக்குப் போனது. உள்ளூர்க் கல்யாணங்களுக்கு நகை விற்றவர்கள் அவர்கள். கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் கல்யாணம் நடக்கும், சரிதானே.