களிம்பு வேறு, நோய் வேறு

முதலில் பார்த்தது நான் இல்லை. காட்சிக்கூடத்தைப் பெருக்கித் துடைக்கும் அக்காதான். கார்த்திகை அடைமழை நாலு நாளாக விடவில்லை. "தம்பி, அம்மன் காலடியில பச்சையா மாவு மாதிரி கொட்டிக் கெடக்கு. போன வாரந்தான் தொடச்சேன்" என்றார்.

ஒன்றரைச் சாண் உயரமுள்ள அம்மன் செப்புத்திருமேனி அது. யாரோ வீடு கட்டக் கடைக்கால் தோண்டியபோது கிடைத்து, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டர் அலுவலகம் வழியாக எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். இடது காற்சிலம்புக்குக் கீழே மிளகளவில் நான்கு புள்ளிகள். உடம்பெங்கும் இருக்கும் கரும்பச்சை இல்லை இது. வெளிறிய பச்சை. ஊசி முனையால் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. வயிற்றைக் கலக்கியது.

செம்பில் களிம்பு போல உயிரோடு ஒட்டியிருப்பது ஆணவம் என்று சைவ சித்தாந்தம் சொல்லும். களிம்பு என்றாலே போக்கவேண்டிய அழுக்கு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினால்தான் நமக்கு மனசு ஆறும். ஆனால் நூற்றாண்டுக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்த திருமேனியில், சிற்பி உளியால் இழைத்த ஆடை மடிப்பும் கழுத்தணியின் மணியும் இன்று தங்கியிருப்பது அந்தக் களிம்புத் தோலில்தான். புளியின் அமிலம் அதைக் கரைத்தால் கோடுகளும் சேர்ந்து போகும். அதனால் கெட்டியாக ஒட்டியிருக்கும் பச்சையைத் தொடக்கூடாது. மாவாக உதிரும் பச்சையை விட்டுவைக்கக்கூடாது. அடுத்த மூன்று மாதமும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது.

மாவாக உதிரும் இந்தப் பச்சைக்கு வெண்கல நோய் என்று பெயர். மண்ணிலிருக்கும் உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து, களிம்புக்கு அடியில் குப்ரஸ் குளோரைடாகப் பதுங்கியிருக்கும். ஈரமும் காற்றும் பட்டால் அது பச்சை மாவாகப் பொங்கும். கூடவே அமிலமும் பிறக்கும். அந்த அமிலம் பக்கத்துச் செம்பை அரித்து மறுபடி குப்ரஸ் குளோரைடை உண்டாக்கும். காற்றின் ஈரப்பதம் 42 முதல் 46 சதவீதத்தைத் தாண்டினாலே இந்தச் சுழற்சி தொடங்கிவிடும். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் 80 சதவீதம் சாதாரணம்.

சந்தேகத்தைத் தீர்க்க, உதிர்ந்த மாவில் ஒரு சிட்டிகையை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டேன். திரிந்த பால் போல வெள்ளையாகக் கட்டி கட்டியாக இறங்கியது. குளோரைடுதான்.

உலோகக் கலவையை அறிய, எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவியைக் கடன் வாங்கி வந்தோம். கையடக்கக் கருவி, துளி உலோகத்தைக்கூடச் சுரண்டவேண்டாம். செம்பு, வெள்ளீயம், ஈயம் மூன்றும் தெரிந்தன. ஆனால் முதுகில் காட்டிய வெள்ளீயம் பீடத்தின் அடியில் காட்டியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு! கருவியில் கோளாறில்லை. அது படிப்பது மேற்பரப்பை மட்டும்தான். மண்ணுக்குள் செம்பு கரைந்து வெளியேற, வெள்ளீயம் தோலில் தங்கி மிகுந்துவிடும். ஈயமோ செம்போடு கரைந்து கலக்காமல் தனித்தனிக் குமிழாக நிற்பதால் இடத்துக்கு இடம் எண் மாறும். அந்த எண்களை அப்படியே அட்டவணையாக்கி "இதுதான் கலவை" என்று எழுதிவிடக்கூடாது. எழுதியவற்றை நான் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் ஆய்வகம் தொடங்கக் காரணமே திருமேனிகளில் கண்ட இந்த நோய்தான். வேதியியலாளர் எஸ். பரமசிவன் அங்கே மின்பகுப்பு முறையில், அதாவது கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தி, சிகிச்சை செய்தார். கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தவற்றைக் காப்பாற்றிய பெரிய காரியம் அது. ஆனால் அந்த முறையில் களிம்பும் கழன்றுவிடும். எங்கள் அம்மனுக்கு நோய் நான்கு புள்ளியில்தான். பழம்பொருள்களுக்கு இப்படிச் சிகிச்சை செய்து ஓய்வுபெற்ற பாதுகாப்பாளர் ஒருவரிடம் போனில் கேட்டேன். "குளோரைட வெளிய இழுக்கறதுக்குன்னு சோடியம் செஸ்குவிகார்பனேட்ல மாசக்கணக்குல ஊறப்போடாதப்பா, களிம்பு நிறமே மாறிடும். புள்ளிய மட்டும் பாரு" என்றார்.

நுண்ணோக்கியின் கீழ் மூங்கில் குச்சியாலும் அறுவைக் கத்தி நுனியாலும் மாவை எடுத்தேன். அடியில் வெளிர்சாம்பல் நிறத்தில் மெழுகு போல ஒன்று தெரிந்தது. குப்ரஸ் குளோரைடு. அதையும் சுரண்டி எடுத்து, சில்வர் ஆக்சைடை ஆல்கஹாலில் குழைத்துக் குழிக்குள் அழுத்தினேன். மிச்சமிருக்கும் குளோரைடை அது சில்வர் குளோரைடாக்கிக் குழியை அடைத்துவிடும்.

அப்படி மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் முகத்தைக் கவனித்தேன். மூக்கும் கன்னமும் வழவழவென்று தேய்ந்திருந்தன. மண்ணுக்குள் போகுமுன் எத்தனை தலைமுறை அபிஷேகமோ, எத்தனை கைகளோ. காதுக்குப் பின்னால் மடிப்பில் வெள்ளையாகக் காய்ந்த ஏதோ ஒட்டியிருந்தது. விபூதியாக இருக்கலாம், மண்ணின் சுண்ணாம்பாகவும் இருக்கலாம். படம் எடுத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டு அப்படியே விட்டேன்.

பிறகு, ஈரம் பட்டால் நோய் திரும்புகிறதா என்று சோதனை. சமையல் உப்பைக் கரையாமல் தேங்கும்வரை தண்ணீரில் போட்டு, அந்தக் கிண்ணத்தோடு திருமேனியை மூடிய பெட்டியில் வைத்தால் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். முதல் நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை, சிலம்புக்கு அடியில் ஒரு பச்சைத் துளி. குண்டூசித் தலையளவுதான், ஆனால் அழுகையே வந்துவிட்டது. அவசரப்பட்டு ஒரு குழியின் ஓரத்தைச் சரியாகத் தோண்டாமல் விட்டிருந்தேன். மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் முறை ஒரு வாரம் வைத்தும் எதுவும் கிளம்பவில்லை.

அதன்பின், செம்பு மேலும் அரிக்காமல் தடுக்கும் பென்சோட்ரையசோலை ஆல்கஹாலில் 3 சதவீதம் கரைத்து, அதில் வெற்றிடத்தில் ஊறவைத்தோம். காற்றை உறிஞ்ச உறிஞ்ச, கண்ணுக்கே தெரியாத துளைகளிலிருந்து குமிழ்கள் சரம் சரமாகக் கிளம்பின. கையுறை கட்டாயம், அந்த மருந்து உடம்புக்கு ஆகாது. கடைசியாக, அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்னும் அக்ரிலிக் பிசினில் மெல்லிய பூச்சு.

மாசியில் அம்மன் திரும்பவும் பெட்டிக்குள் வந்தாள். அடியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் தட்டு. அதன் நீல நிறம் இளஞ்சிவப்பானால் அடுப்பில் வறுத்து ஈரத்தைப் போக்கி மறுபடி வைக்கவேண்டும். பீடத்துக்குக் கீழே வெள்ளைத் தாள் விரித்தது அக்காவின் யோசனை. மாவு உதிர்ந்தால் உடனே தெரியும் என்றார். திங்கட்கிழமை தோறும் இருவரும் குனிந்து பார்க்கிறோம். எட்டு மாதமாகத் தாள் வெள்ளையாகவே இருக்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டது. மழை இன்னும் இறங்கவில்லை.